படகு வந்துவிட்டது, டீசல் யார் கணக்கில்?

2008 நவம்பர் 26 இரவு, மும்பை கஃப் பரேட் பகுதியில் உள்ள மச்சிமார் நகர் மீனவர் குடியிருப்பின் ஓரம் ஒரு ரப்பர் படகு வந்து ஒதுங்கியது. கராச்சியிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடி படகைக் கைப்பற்றி, அதன் ஆட்களைக் கொன்றுவிட்டு வந்த 10 பயங்கரவாதிகள் அதிலிருந்து இறங்கினார்கள். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 166 உயிர்கள் போயின. அந்த மாதிரிப் படகைக் கரைக்கு வருமுன்னே மறிப்பதற்கென்று ஒரு திட்டம் அப்போதே கோப்பில் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2005 ஜனவரியிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. கடற்கரை மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் போலீசுக்கு 204 ரோந்துப் படகுகள், 73 கடலோரக் காவல் நிலையங்கள். அதில் மகாராஷ்டிரத்தின் பங்கு 28 படகு. கோவாவிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு கப்பல் கட்டும் தளங்களிலிருந்து அந்தப் படகுகள் வரத் தொடங்கியதே 2009இல்தான்.

துறைமுகப் பாதுகாப்புக்குப் போலீஸ் படகு வாங்குகிறது என்ற செய்தி எந்த ஊரில் வந்தாலும் தலைப்பில் எண்ணிக்கைதான் நிற்கும். இத்தனை படகு, இத்தனை கோடி, இவ்வளவு வேகம். அமைச்சர் கொடியசைப்பார், மறுநாள் படம் வரும். மும்பையின் அனுபவத்தைப் பார்த்தபின் எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு: இந்தப் படகு மாதத்துக்கு எத்தனை மணி நேரம் கடலில் இருக்கும், அந்த மணி நேரத்துக்குக் காசு யார் தருவார்கள்?

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். கடற்படை இருக்கிறது, கடலோரக் காவல்படை இருக்கிறது, போலீசுக்கு எதற்குப் படகு? ஏட்டில் உள்ள பங்கீடு இப்படி: கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை மாநில போலீஸும் ரோந்து போக வேண்டும். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை கடலோரக் காவல்படை, அதையும் தாண்டினால் கடற்படை. தாக்குதலுக்குப் பிறகு, 2009 பிப்ரவரியில், கரையோரம் உட்பட ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புப் பொறுப்பும் கடற்படையிடம் கொடுக்கப்பட்டது. ஆனாலும் கழிமுகத்துக்குள்ளும் சதுப்புக்காட்டு ஓரத்திலும் பெரிய கப்பல் நுழைய முடியாது. அங்கே இரண்டு மூன்றடி தண்ணீரில் ஓடக்கூடிய சின்னப் படகு வேண்டும். அதோடு, யாரைப் பிடித்தாலும் வழக்குப் போட்டு, சாட்சி திரட்டி, கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வேலை எப்படியும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேரும்.

மும்பைத் துறைமுகத்தின் கதை இன்னும் சிக்கல். மேற்கே நகரம், கிழக்கே ராய்கட் மாவட்டத்துக் கரை, நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீரின் ஓரத்தில் கடற்படைத் தளம், மும்பைத் துறைமுகம், எதிர்க்கரையில் நவா சேவா கன்டெய்னர் துறைமுகம், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், நடுவே ஜவஹர் தீவில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் முனையம். இத்தனைக்கும் இடையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபன்டா தீவுக்கும் எதிர்க்கரை மாண்ட்வாவுக்கும் போகும் பயணிகள் படகுகள், சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் ஏறி இறங்கும் மீன்பிடி படகுகள். துறைமுக நிர்வாகம், மத்திய தொழிற்பாதுகாப்புப் படை, சுங்கத்துறை, கடற்படை, கடலோரக் காவல்படை, மீன்வளத்துறை, பயணிகள் படகுக்கு உரிமம் தரும் மாநில கடல்சார் வாரியம், துறைமுகப் பகுதியின் எல்லோ கேட் போலீஸ் என்று ஆளாளுக்கு ஓர் அதிகாரம். இங்கே ஒரு படகு சந்தேகமாகத் திரிந்தால் யார் போய் நிறுத்துவது என்பதற்கே ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

சின்னப் படகு என்ன செய்யும் என்று 2000 அக்டோபரில் ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் உலகம் பார்த்துவிட்டது. வெடிமருந்து ஏற்றிய ஒரு சிறு படகு 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பக்கவாட்டில் மோதி 17 மாலுமிகளைக் கொன்றது. பெரிய கப்பல்களைக் கண்காணிப்பது இதோடு ஒப்பிட்டால் எளிது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியை வைத்திருந்தாக வேண்டும். 2008க்குப் பிறகு இந்தியக் கரையெங்கும் முதல் கட்டமாக 46 ரேடார் நிலையங்களும் வந்தன. ஆனால் மரத்திலும் ஃபைபரிலும் செய்த சின்னப் படகு, அலைக்கு நடுவே ரேடார் திரையில் மங்கிய புள்ளி. சந்தேகம் வந்தால் யாராவது பக்கத்தில் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். போலீஸ் படகின் வேலை அதுதான்.

ஆகவே படகு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் படகு, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் சறுக்குகிறது.

கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் வாங்கியவை இரண்டு ரகம்: 12 டன், 5 டன். பெரியது திறந்த கடலுக்கு, 35 நாட் வரை, அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் போகக்கூடியது. சின்னது கழிமுகத்துக்கு. வேகம் என்றால் எரிபொருள். டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் குடிக்கும் என்பது படகுத் தொழிலில் உள்ள கணக்கு. இரண்டு எஞ்சினும் சேர்ந்து 1000 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், விரட்டிப் போகும்போது மணிக்கு 200 லிட்டர். சும்மா ரோந்து போகும் மெதுவான வேகத்தில் 80 லிட்டர் என்று தாராளமாகக் குறைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள், லிட்டர் 90 ரூபாய். ஒரு படகுக்கு ஆண்டுக்கு 57 லட்சத்துக்கு மேல். 28 படகுக்கு 16 கோடி. இது டீசல் மட்டும். அதுவும் 24 மணி நேரத்தில் 20 மணி நேரம் படகு கட்டிக் கிடக்கும் என்ற கணக்கில்.

இப்போது ஒதுக்கீட்டைப் பார்ப்போம். முதல் கட்டத்துக்கு வாங்குவதற்கும் கட்டுவதற்கும் 400 கோடி ரூபாய், எரிபொருள், பராமரிப்பு, பயிற்சிக்கு 151 கோடி என்று தொடக்கத்தில் ஒதுக்கினார்கள். 2011 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 5 ஆண்டுக்கு மொத்தம் 1,579.91 கோடி, அதில் தொடர்செலவு 425 கோடி. இரண்டிலும் ஓட்டும் செலவுக்கு வைத்தது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் கட்டத்தில் அனுமதித்த 225 படகுக்கு மட்டும் 425 கோடியைப் பிரித்தால் படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 38 லட்சம் வரும். அன்றைக்கு டீசல் பாதி விலைதான், சரி. அப்படியும் நான் மேலே போட்ட சொற்ப ரோந்துக்கே 29 லட்சம் போய்விடும். மிச்சத்தில் எஞ்சின் பராமரிப்பு, உதிரிபாகம், ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் நடக்க வேண்டும்.

ஜீப் ஓடாமல் நின்றால் கெடுவது பேட்டரியும் டயரும்தான். படகு அப்படியில்லை. உப்புத் தண்ணீர் அதை ஒவ்வொரு நாளும் தின்னும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும், குளிர்விக்கும் குழாய்கள் அடைக்கும், மின் இணைப்புகள் பச்சை பூக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரிலிருந்து தூக்கிச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். எஞ்சின் வெளிநாட்டுத் தயாரிப்பாக இருந்தால் உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. மாநிலம் தானே பணம் போட்டு வாங்கியிருந்தால் வாங்கும் முன் இதையெல்லாம் யோசித்திருக்கும். இங்கே வாங்குவது மத்திய அரசு, போலீஸ் என்பது மாநிலப் பொறுப்பு. சும்மா கிடைக்கும் படகை யார் வேண்டாம் என்பார்கள்? பல மாநிலங்களில் தணிக்கைத் துறை அறிக்கைகள் ஒரே பாட்டைப் பாடியதில் வியப்பில்லை: ரோந்து நேரம் குறைவு, பயிற்சி பெற்ற ஆள் இல்லை, படகு பழுது.

இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது ஜெட்டி, அதாவது படகுத்துறை விஷயம். முதல் கட்டத்தின் பட்டியலைப் பாருங்கள்: 73 காவல் நிலையம், 97 சோதனைச் சாவடி, 58 புறக்காவல் நிலையம், 30 பாரக்ஸ், 204 படகு, 153 ஜீப், 312 மோட்டார் சைக்கிள். படகைக் கட்ட ஒரு ஜெட்டிகூட இல்லை. 60 ஜெட்டிகள் இரண்டாம் கட்டத்தில்தான் பட்டியலுக்கு வருகின்றன. மும்பையில் அலையேற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே உயரம் 4, 5 மீட்டர் வரை மாறும். வற்று நேரத்தில் பல இடங்களில் கரையை ஒட்டிச் சேறுதான் தெரியும். ஸ்டேஷனில் போன் அடித்து, ஆட்கள் ஓடிவந்து, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தால் 35 நாட் வேகம் யாருக்கு என்ன பயன்? மிதவை ஜெட்டி வேண்டும், இல்லையென்றால் எப்போதும் ஆழமுள்ள வேறு யாருடைய துறையிலாவது இடம் கேட்டு நிற்க வேண்டும். அப்படிக் கேட்டு நின்றால் காவல் நிலையம் ஓரிடத்திலும் படகு வேறிடத்திலுமாகப் போகும்.

தாக்குதலுக்குப் பிந்திய அவசரத்தில் மும்பை போலீசுக்கு நியூசிலாந்துத் தயாரிப்பான சீலெக்ஸ் என்ற படகுகளும் வந்தன. சக்கரம் உள்ள படகு. மணலில் உருண்டு வந்து அப்படியே தண்ணீரில் இறங்கும். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஜெட்டி இல்லாத ஊருக்குப் பொருத்தமான யோசனை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கடலுக்கும் சாலைக்குமான இரண்டு வகை இயந்திரமும் ஒரே உப்பில் நனையும் வண்டி அது; சில ஆண்டுகளிலேயே அவை ஓடாமல் கிடக்கும் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன.

ஆள் பிரச்சினை இதைவிடப் பெரிது. ஒரு படகுக்கு மாஸ்டர், இன்ஜின் டிரைவர், கலாசி என்று கடல் தெரிந்தவர்கள் வேண்டும், அவர்களோடு ஆயுதம் ஏந்திய போலீஸ்காரர்கள். மூன்று ஷிஃப்ட் என்றால் இதை மூன்றால் பெருக்க வேண்டும். கடலே இல்லாத விதர்பா பகுதியிலிருந்து போலீஸ் வேலைக்கு வந்த ஒரு இளைஞனைக் கடலோர ஸ்டேஷனில் போட்டால் முதல் ஒரு மாதம் அவன் வாந்தி எடுப்பதிலேயே போகும். பழகி முடிக்கும் நேரத்தில் மாறுதல் உத்தரவு வந்துவிடும், அவனும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவான். பதவி உயர்வுக்கு உதவும் வழக்குகள் கரையில்தான் இருக்கின்றன. ஓய்வுபெற்ற கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்து மாநிலங்கள் சமாளித்தன. கடலோரப் போலீசுக்கென்று குஜராத்தின் ஓகாவில் ஒரு தேசியப் பயிற்சிக் கழகம் தொடங்கவே 2018 வரை ஆயிற்று. படகு வந்து ஏறத்தாழ 9 ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடம்.

கடற்படையும் அதே காலத்தில் சாகர் பிரஹரி பல் என்ற தனிப்படையை உருவாக்கி 80 வேகப் படகுகள் வாங்கியது. அவற்றைக் கட்டியது இலங்கையில் தளம் உள்ள சோலாஸ் மரைன் நிறுவனம். சிறு வேகப் படகுகளின் சண்டையை அந்தத் தீவைப் போல நெருக்கத்தில் பார்த்த நாடு குறைவு. ஒப்பந்தம் அங்கே போனதில் ஆச்சரியமில்லை. கடற்படைக்கு ஆள், எண்ணெய், பட்டறை எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. போலீசுக்கு இல்லாதது அந்த வீடு.

சரி, இவ்வளவும் ஒழுங்காக அமைந்தால் கடல் பூட்டப்பட்டுவிடுமா? 2011 ஜூலை 31 அன்று மும்பை ஜூஹு கடற்கரையில் காலையில் ஒரு கப்பல் தரைதட்டி நின்றது. பெயர் பவித். 1000 டன் அளவுள்ள டேங்கர். ஒரு மாதம் முன்பு ஓமானுக்கு அருகில் மாலுமிகள் கைவிட்டுப் போன கப்பல், ஆளில்லாமலே மிதந்து, மூன்றடுக்குப் பாதுகாப்பையும் கடந்து நகரத்தின் மிகப் பிரபலமான கடற்கரைக்கு வந்துவிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான், கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்துக்கு இழுத்துப்போன விஸ்டம் என்ற கப்பலும் கயிறு அறுந்து அதே ஜூஹுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மேற்குக் கரையில் அப்போது மீன்பிடித் தடை. கடல் கொந்தளிப்பில் சின்ன ரோந்துப் படகுகளுக்கும் வேலை இல்லை. தடையால் மீனவர்களும் கடலில் இல்லை. அதாவது ஆண்டில் சில மாதம் கரையோரக் கடலில் பார்ப்பதற்கு ஆளே இருப்பதில்லை. எத்தனை 5 டன் படகு வாங்கினாலும் இந்த ஓட்டை அடையாது. அதற்கு ரேடாரும் பெரிய கப்பலும்தான் வழி.

மற்ற மாதங்களில் கடலைப் பார்ப்பவர்கள் யார் என்றால், மீனவர்கள். 2008 இரவிலும் அந்த ரப்பர் படகை முதலில் பார்த்தது மச்சிமார் நகர்க்காரர்கள்தான். யார் நீங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் ராய்கட் மாவட்டம் ஹரிஹரேஷ்வரில் ஏகே ரகத் துப்பாக்கிகளோடு ஆளில்லாத ஓர் உல்லாசப் படகு ஒதுங்கியபோதும் கரையில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அது ஓமான் அருகே கைவிடப்பட்ட படகு என்று பிறகு விளங்கியது. மீனவருக்கு அடையாள அட்டை, படகுக்கு நிறக் குறியீடு, இலவசத் தொலைபேசி எண் 1093 எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் ரோந்துப் படகு நடுக்கடலில் மறித்து ஆவணம் கேட்டு, வலை இழுக்கும் நேரத்தை வீணாக்கி, மீனையும் எடுத்துக்கொண்டு போனால், அடுத்த முறை அந்த மீனவர் எதைப் பார்த்தாலும் போன் எடுக்க மாட்டார். நல்ல உறவுக்கு டீசல் செலவு இல்லை. ஆனாலும் அதுதான் கிடைப்பதற்கு அரிதாக இருக்கிறது.

பணம் வேறு விதத்திலும் வேலை செய்யும். 1993இல் மும்பையில் 257 பேரைக் கொன்ற தொடர் குண்டுவெடிப்புக்கான ஆர்டிஎக்ஸ் இறங்கியது இதே ராய்கட் கரையில், சேகாடியில். பணம் வாங்கிக்கொண்டு அதைக் கண்டும் காணாமல் விட்டதற்காகச் சுங்கத்துறை அதிகாரிகளும் போலீஸ்காரர்களும் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அன்றைக்கு அவர்களிடம் 50 படகு இருந்திருந்தாலும் கதை மாறியிருக்காது. அதன் பிறகுதான் ஆபரேஷன் ஸ்வான் என்ற பெயரில் கடற்படையும் மற்றவர்களும் வாடகைக்கு எடுத்த மீன்பிடி படகுகளில் கூட்டு ரோந்து போனார்கள். மீன்பிடி படகு மெதுவாகத்தான் போகும், ஆனால் நாள் முழுக்கக் கடலில் கிடக்கும், எண்ணெய் குறைவு, கூட்டத்தில் தனியாகத் தெரியாது. வேகப் படகு மோகத்தில் இந்த யோசனை ஓரங்கட்டப்பட்டது எனக்கு இழப்பாகவே படுகிறது.

அமெரிக்காவிலும் கதை அதிகம் வேறுபடவில்லை. 2001க்குப் பிறகு துறைமுகப் பாதுகாப்பு மானியம் என்று மத்திய அரசு தனிப் பணம் ஒதுக்க, துறைமுக நகரங்களின் போலீஸ் வரிசையில் நின்று படகு வாங்கியது. அங்கே ஒரு நல்ல விதி உண்டு: பொதுவாக நாலில் ஒரு பங்கை வாங்குபவர் போட வேண்டும். சொந்தப் பணம் போகும்போது கேள்வி கேட்கும் பழக்கம் வருகிறது. நியூயார்க் போலீசின் துறைமுகப் பிரிவு 1858இலேயே தொடங்கியது. அங்கே படகு என்பது தாக்குதல் நடந்தபின் வந்த அவசரச் செலவாக இல்லாமல் அன்றாட வேலைக் கருவியாக இருந்துவந்தது. தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவது, விபத்து, திருட்டு, அப்புறம்தான் பயங்கரவாதம்.

மும்பைக்கும் அந்த வரிசைதான் பொருந்தும். 2024 டிசம்பர் 18 அன்று, எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை வேகப் படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து, எலிஃபன்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற பயணிகள் படகில் மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்ணீரில். கடற்படை, கடலோரக் காவல்படை, போலீஸ் படகுகளோடு அக்கம்பக்கத்தில் இருந்த சாதாரணப் படகுகளும் ஓடிவந்து தூக்கியும் 15 பேர் இறந்தார்கள். துறைமுகப் போலீஸ் படகு தன் விலையை நியாயப்படுத்தக்கூடியது இப்படிப்பட்ட நாட்களில்தான், அன்றைக்கு அது ஓடும் நிலையில் இருந்தால்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் புதிதில்லை. இங்கே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இலேயே அமைந்தது. மத்தியத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 12 காவல் நிலையமும் 24 படகும் கிடைத்தன, இரண்டாம் கட்டத்தில் இன்னும் 30 நிலையங்கள். நம் கரையில் அலையேற்ற வேறுபாடு மும்பையைப் போல இல்லை; பாக் நீரிணையில் ஆழமின்மையும் வலைக் கூட்டமும்தான் தொல்லை. வலை சிக்கினால் படகைத் தள்ளும் புரொப்பல்லர் நின்றுவிடும். ராமேஸ்வரம், தொண்டி, வேதாரண்யம் பக்கம் பீடி இலையும் மஞ்சளும் அந்தப் பக்கமும் தங்கம் இந்தப் பக்கமும் போய்வரும் கடத்தலில் 'மரைன் போலீஸ்' பிடித்த செய்திகளைப் பார்த்தால், பெரும்பாலும் கரையில் கிடைத்த தகவலில் தொடங்குகின்றன.

முதல் கட்டத்தில் வந்த 204 படகுகளும் 2009க்கும் 2011க்கும் இடையில் கட்டியவை. இந்த ரகப் படகுக்கு 15 ஆண்டு என்பது நல்ல வயது. இரண்டாம் கட்டத் திட்டம் 2020 மார்ச்சோடு முடிந்துவிட்டதால் ஓட்டும் செலவு மாநிலங்களின் தலையில்தான். எனவே அடுத்த சில ஆண்டுகளில் மும்பையிலும் சென்னையிலும் மற்றத் துறைமுக ஊர்களிலும் புதுப் படகுக்கான டெண்டர்கள் வந்தபடி இருக்கும். வேகமும் நீளமும் அவற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, படகு மாதத்தில் எத்தனை நாள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கு என்ன அபராதம், டீசல் எந்தத் தலைப்பில் வருகிறது என்பவை எங்காவது உள்ளே இருந்தால், அந்தப் படகு சில ஆண்டுகளாவது கடலைப் பார்க்கும்.